கண்டி மாணவரும் வானிலைப் படமும்

2025 நவம்பர் 28ஆம் திகதி 'டித்வா' சூறாவளி கிழக்குக் கரையூடாக நாட்டினுள் புகுந்தபோது அதன் மையம் கண்டி நகரின் மீது செல்லவில்லை. ஆயினும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அவ்வனர்த்தத்தில் மிகக் கூடுதலான உயிர்கள் பறிபோனது கண்டி மாவட்டத்திலேயாகும். க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வேளை அது. பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. புவியியல் கற்ற மாணவர்களும் அந்நாட்களில் வானிலைப் படங்களைப் பார்த்திருப்பர். மையம் கிழக்கே இருப்பதைக் கண்டு ஆறுதலும் அடைந்திருப்பர். பாடசாலைகளில் திருத்தப்பட வேண்டியது இந்த வாசிப்பையே என நாம் கருதுகின்றோம்.

பத்திரிகைகளுக்கும் வானிலைப் படத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. பிரான்சிஸ் கால்ற்றன் வரைந்த படத்தை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1875 ஏப்ரல் முதலாந் திகதி வெளியிட்டது. சம அமுக்கமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து, கோடுகள் நெருங்கிய இடத்தில் காற்றுப் பலமானது என்று சொல்லும் முறை ஐரோப்பாவுக்கு நன்கு பொருந்தியது. எமது பாடநூல் மரபும் அதனையே பின்பற்றி வந்துள்ளது. ஆனால் மத்திய கோட்டுக்கு 7 பாகை வடக்கே வாழும் எமக்கு அது பாதி உண்மையே. இங்கு அமுக்கம் நாள்தோறும் முற்பகல் 10 மணியளவில் உயர்ந்து பிற்பகல் 4 மணியளவில் தாழும். இந்த ஏற்ற இறக்கமே சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். எனவே 4 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் கோடு வரைந்தால், பெருமழையைத் தரும் தாழமுக்கமொன்று படத்தில் தென்படாமலே போகக்கூடும்.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அமுக்கமானியுள்ள கையடக்கத் தொலைபேசியை இங்கு திறந்து பார்க்கும் மாணவன் 955 அளவிலான எண்ணைக் கண்டு கடுஞ்சூறாவளி என்று பதறலாம். அது உயரத்தின் விளைவேயன்றி வானிலையின் விளைவன்று. படத்தில் குறிக்கப்படும் எண்கள் யாவும் கடல் மட்டத்துக்குத் திருத்தியவை என்பதை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்படியாயின் மலைநாட்டு மாணவன் படத்தில் எதனைத் தேடுவது? முதலாவது, காற்றின் திசை. வட அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். மையம் மட்டக்களப்புப் பக்கம் இருந்தால் கண்டிக்கு வடக்கிலிருந்து காற்று வரும். வடக்கு நோக்கிய மலைச்சாய்வுகள் அதனை மேலே தள்ள, மழை அங்கே கொட்டும். மே மாதத்தில் தென்மேல் காற்று வீசும்போது நாவலப்பிட்டிப் பக்கத்துச் சாய்வுகளும், டிசம்பரில் வடகீழ்க் காற்றின்போது நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சாய்வுகளும் நனைவது இதனாலேயே. ஆகவே வானிலைப் படத்தைத் தனியே தொங்கவிடாது, சமவுயரக்கோட்டுப் படத்தின் மேல் வைத்தே கற்பிக்க வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழமுக்கம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்ற பைஸ் பலற்றின் விதியும் பயன்படும். பள்ளத்தாக்குகள் தரைக்காற்றைத் திருப்பிவிடுவதால், கண்டியில் மேகம் நகரும் திசையைப் பார்த்தே அதனைப் பிரயோகிக்க வேண்டும்.

இரண்டாவது, மையம் நகரும் வேகம். இதனை ஒரு படத்தில் காண முடியாது. அடுத்தடுத்த நாட்களின் படங்களை வரிசையாக வைத்தால் மட்டுமே புலப்படும். டித்வாவின் காற்று உலகின் பெருஞ்சூறாவளிகளோடு ஒப்பிடத்தக்கதல்ல. அது மெல்ல நகர்ந்ததால் மழை நீண்டது, மலை சரிந்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி காற்றின் கொடுமைக்கு உதாரணமென்றால், இது நீரின் கொடுமைக்கு உதாரணம். இவ்விரண்டின் படங்களையும் ஒருசேர வகுப்பில் காட்டுவது எந்த வரைவிலக்கணத்தையும் விடத் தெளிவாக இருக்கும்.

படம் அறிவித்ததை நிலத்தில் சரிபார்க்க மழைமானி வேண்டும். நேர்ச்சுவருள்ள தகரப்பேணியொன்றும் அடிமட்டமும் அதற்குப் போதும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற்றம் என்பது மண்சரிவு தொடர்பாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொள்ளும் அளவுகோல். இவ்வெண்கள் புவியியலைப் பாடமாகத் தெரிவு செய்யாத மாணவருக்கும் மனப்பாடமாக வேண்டியவை. ஏனெனில் பிங்கா ஓயா பெருகும்போது அக்குறணைக் கடைத்தெருவில் நிற்பவரும், சாய்வின் அடியில் லயன் அறையில் உறங்குபவரும் பாடத்தெரிவு பார்த்துப் பாதிக்கப்படுவதில்லை.

டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. அது அரசு நிவர்த்திக்க வேண்டிய குறை. அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. எனினும் கோட்டுக்கும் அம்புக்குறிக்கும் மொழி கிடையாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் படத்தை வாசிக்கத் தெரிந்த பத்தாந்தர மாணவி ஒருத்தி, மொழிபெயர்ப்பு வந்துசேரும் முன்னரே தன் வீட்டாரை எழுப்பிவிட முடியும். கண்டியின் தமிழ்மொழிப் பாடசாலைகள் 2025 நவம்பர் 25 முதல் 28 வரையான நான்கு நாட்படங்களை வைத்தே இப்பயிற்சியை ஆரம்பிக்கலாம். அந்நாட்களில் தம் ஊரில் பெய்த மழையை அம்மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.