ரேஸ் கோர்ஸ் சாலையில் குதிரை எங்கே?



உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவர்களை அண்மையில் தேக்கா வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்துச் சென்றிருந்தேன். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வெளிவந்ததும் ஒரு மாணவன் சாலைப் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, ரேஸ் கோர்ஸ் என்று போட்டிருக்கிறதே, குதிரை எங்கே?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அச்சொல் எங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்ட சொல்.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் 1842ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சதுப்பு நிலம் திருத்தப்பட்டு, 1843ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கு முதல் பந்தயம் நடைபெற்றது. ஓட்டியவர்களும் பணம் கட்டியவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வணிகர்களும் அதிகாரிகளுமே. குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு வைத்து, இலாயத்தில் உறங்கியவர்கள் பாவியான் தீவினரும் நம் இந்தியரும். 'ராவுத்தர்' என்னும் சொல்லையே குதிரைவீரனுக்குத் தந்த மொழி நம்முடையது. மாணிக்கவாசகரின் கதையே குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய அரசுப் பணம் வேறு வழியில் செலவானதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆயினும் இந்தத் திடலில் நமக்குக் கிடைத்த இடம் இலாயமே.

அத்திடல் குதிரைகளை மட்டும் பார்க்கவில்லை. 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது இங்கிருந்துதான். 1924ஆம் ஆண்டு கிளப்பின் பெயர் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் என மாறிற்று. 1933ஆம் ஆண்டு பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. பழைய திடல் விளையாட்டு மைதானமாயிற்று. 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேர் அங்கே திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

புக்கிட் தீமாவில்தான் என் பெரியப்பா வருகிறார். துறைமுகத்தில் வேலை; கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர். வார இறுதியில் பந்தயத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படுவார். 'ஃபேவரிட்', 'வின்', 'பிளேஸ்', 'டோட்' என்னும் சொற்களை நான் பள்ளியில் கற்கவில்லை. அவர் வாயிலிருந்து கற்றேன். 'வின்' என்றால் கட்டிய குதிரை முதலில் வரவேண்டும். 'பிளேஸ்' என்றால் முதல் மூன்றில் ஒன்றாக வந்தால் போதும்; குதிரைகள் குறைவாக ஓடினால் முதல் இரண்டு. இவை எளியவை. சிக்கல் விகிதத்தில்தான் இருக்கிறது.

புக்கி ஒருவன் ஒரு குதிரைக்கு 'நாலுக்கு ஒன்று' என்றால், 1 வெள்ளி கட்டியவருக்கு 4 வெள்ளி இலாபமும் கட்டிய 1 வெள்ளியும் சேர்ந்து கிடைக்கும். அதாவது, ஐந்தில் ஒரு வாய்ப்பு, 20 விழுக்காடு, என்று அவன் சொல்வதாகப் பொருள். மூன்று குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஒன்றுக்குச் சரிக்குச் சரி, இன்னொன்றுக்கு இரண்டுக்கு ஒன்று, மூன்றாவதற்கு மூன்றுக்கு ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புகள் முறையே 50, 33, 25. கூட்டிப் பாருங்கள்: 108 வருகிறது. ஏதேனும் ஒரு குதிரை வெல்லும் வாய்ப்பு 100ஐத் தாண்ட முடியாது. மிகுதியாக நிற்கும் அந்த எட்டுதான் புக்கியின் சோறு.

டோட் முறை வேறு. 1860களில் பாரிசில் ஜோசப் ஓலெர் என்பவர் கண்டுபிடித்தது. இங்கே விகிதத்தை யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. கட்டியவர்களின் பணமே நிர்ணயிக்கிறது. ஒரு பந்தயத்தில் மொத்தம் 1,000 வெள்ளி சேர்ந்ததென்று கொள்வோம். வரியும் கழிவுமாக 200 போனால் மீதம் 800. வென்ற குதிரையின்மீது 400 வெள்ளி கட்டப்பட்டிருந்தால் 5 வெள்ளிக்கு 10 வெள்ளி. யாரும் சீந்தாத குதிரை வென்று, அதன்மீது 100 வெள்ளியே இருந்திருந்தால் 5 வெள்ளிக்கு 40 வெள்ளி. ஆக, 'ஃபேவரிட்' என்பது சிறந்த குதிரை என்று பொருளாகாது. கூட்டம் அதிகப் பணம் கட்டிய குதிரை என்பதே பொருள். பந்தயம் தொடங்கும்வரை விகிதம் மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

டோட் பலகையில் தெரியும் தொகையில் நாம் கட்டிய பணமும் அடங்கும். 5க்கு 40 வந்தால் இலாபம் 35தான். கணக்கில் கெட்டிக்காரரான பெரியப்பா, அந்த 40ஐ முழுவதும் வென்ற பணமாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வேறு மாதிரி கணக்கு எழுதினார். வீட்டுச் செலவு எழுதும் நோட்டுப் புத்தகத்தில், பால், அரிசி, மீனுக்குக் கீழே 'ரே' என்று ஓர் எழுத்து. அதற்கு எதிரே ஒரு தொகை. அடகுக் கடைக்குச் சங்கிலி போன வாரத்தில் அந்த எழுத்தின் மீது பேனா அழுத்தமாகப் பதிந்திருந்தது. அவர் இறந்த பிறகு அந்த நோட்டு என்னிடம் வந்தது. ஒரு விடுமுறையில் உட்கார்ந்து அனைத்தையும் கூட்டினேன். கூட்டுத்தொகையை இங்கு எழுத மனமில்லை. என் அண்ணன் மேற்படிப்புக்குப் போகாததற்கு மதிப்பெண் காரணமன்று என்பது மட்டும் அன்று தெளிவாயிற்று.

ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு கழிவாகப் போனால், 100 வெள்ளியைத் திரும்பத் திரும்பக் கட்டுபவரிடம் சராசரியாக எவ்வளவு மிஞ்சும்? 80, 64, 51, 41, 33. ஐந்தே சுற்று. இதற்குக் குதிரையின் குறையும் வேண்டியதில்லை, ஓட்டுபவரின் சூழ்ச்சியும் வேண்டியதில்லை. பெரியப்பா குதிரைகளின் வம்சாவளியை ஆராய்ந்தார்; இந்தப் பெருக்கலை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

குதிரைப் பந்தயம் சூதா, திறமையா என்ற வழக்கில் 1996ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு அரசுக்கு எதிராக, அது திறமை சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது. குதிரையின் உடல்தகுதியையும் ஓட்டுபவரின் பயிற்சியையும் கணிப்பதற்குத் திறமை வேண்டும் என்பது உண்மையே. ஆனால் திறமையுள்ளவரிடமும் கழிவு கழியத்தான் செய்கிறது. சூது அதிகாரத்தைப் பாடமாக நடத்தும்போது இந்தப் பெருக்கலையும் கரும்பலகையில் எழுதினால் என்ன என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

புக்கிட் தீமா திடல் 1999ஆம் ஆண்டு மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டு கிராஞ்சியில் புதிய திடல் திறக்கப்பெற்றது. அங்கும் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. அந்நிலம் வீடுகளுக்கும் பிற தேவைகளுக்குமாக அரசிடம் திரும்புகிறது. வெளிநாட்டுப் பந்தயங்கள்மீது பணம் கட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். அதற்குத் திடல் தேவையில்லை, கைப்பேசி போதும்.

இவ்வளவையும் அந்த மாணவனிடம் சாலையோரத்தில் நின்று சொல்ல இயலவில்லை. பச்சைத் திடலைக் காட்டி, "இந்தப் பக்கம்தான் ஓடின" என்றேன். அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யார் ஐயா ஜெயித்தார்கள்?" என்றான்.