வயல் நடுவே ஒரு இரும்புத் தொட்டி

குமரி மாவட்டத்துக்காரங்க கிட்ட 'தொட்டிப்பாலம்'னு சொன்னா உடனே மாத்தூர்தான் ஞாபகத்துக்கு வரும். 115 அடி உயரத்துல கால்வாய்த் தண்ணி பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகுமே, அதேதான். நான் இன்னிக்குச் சொல்லப்போறது அதுக்குப் பக்கத்துல நிறுத்தினா கைக்குழந்தை மாதிரி இருக்கும். இங்கிலாந்துல ஷ்ராப்ஷயர் பக்கம் லாங்டன்-ஆன்-டெர்ன்னு ஒரு கிராமம். அங்க டெர்ன் ஆத்துக்குக் குறுக்கே, 62 கெஜம் நீளத்துக்கு (186 அடி) ஒரு இரும்புத் தொட்டி நிக்குது.

வேலை விஷயமா அந்தப் பக்கம் போயிருந்தப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை தேடிப்பிடிச்சுப் போய்ப் பார்த்தேன். கூட வந்த நண்பர், "இந்தத் துருப்பிடிச்ச தகரத்தைப் பார்க்கவா ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்தே?"ன்னு கேட்டார். அவருக்குச் சொன்ன கதைதான் இது.

ட்ரெஞ்ச் என்ற இடத்திலிருந்து ஷ்ரூஸ்பரி நகரத்துக்கு நிலக்கரி கொண்டுபோக 17 மைலுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். பொறியாளர் ஜோசையா க்ளோஸ். டெர்ன் ஆற்றைத் தாண்ட அவர் கட்டிய கல்பாலம் முடியும் முன்பே 1794 கடைசியில் அவர் இறந்துபோனார். 1795 பிப்ரவரியில் வந்த வெள்ளம் பாலத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மனுஷன் அதைப் பார்க்காமல் போனதே நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் இடத்துக்கு வந்தவர் தாமஸ் டெல்ஃபோர்ட். ஆடு மேய்ப்பவரின் மகன், கொத்தனாராக வேலையை ஆரம்பித்தவர். கொத்தனார் புத்தி கல்லுக்குத்தானே போகும்? அவரும் முதலில் கல்பாலம்தான் நினைத்தார். ஆனா கால்வாய்க் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர்களில் இரும்பு முதலாளிகள் அதிகம். அதில் முக்கியமானவர் வில்லியம் ரெனால்ட்ஸ். ஆக, யோசனை இரும்புக்குத் திரும்பியது. ரெனால்ட்ஸின் கெட்லி ஆலையிலேயே வார்ப்புத் தகடுகள் செய்து, கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். 1796 மார்ச்சில் பாலம் ரெடி.

கல்லை விட இரும்பில் என்ன லாபம்? கல்பாலத்தில் தண்ணி ஒழுகாமல் இருக்க உள்ளே களிமண்ணைக் குழைத்துக் கனமாக அப்பணும். அந்தப் பாரத்தைத் தாங்கத் தடித்தடியான தூண், வளைவு எல்லாம் வேணும். அத்தனையும் ஆத்து வெள்ளத்துக்குக் குறுக்கே நிக்கும். இரும்புத் தகடு மெலிசு, களிமண்ணும் தேவையில்லை. கீழே சில கம்பிக் கால்களே போதும், வெள்ளம் பாட்டுக்குப் போயிடும்.

கிட்டப் போய்ப் பார்த்தபோது ஒண்ணு கவனித்தேன். தகடுகளின் இணைப்புக் கோடுகள் நேராக இல்லை, சாய்வாக இருக்கு. வளைவுக் கல்லை ஆப்பு மாதிரி செதுக்குவாங்களே, அதே வடிவத்துல இரும்பை வார்த்திருக்காங்க. கொத்தனார் கை இரும்பிலும் கல்லைத்தான் செதுக்கியிருக்கு :-)

இனிமேதான் சுவாரசியமான மேட்டர். தொட்டியின் அகலம் ஏழரை அடி. அதில் போன படகுகளின் அகலம் 6 அடி 4 அங்குலம். குதிரை நடக்கிற பாதை பக்கத்தில் தனி இரும்புத் தொட்டி. அதாவது படகு உள்ளே நுழைந்தால் தொட்டி கிட்டத்தட்ட அடைபட்டுப் போகும், முன்னால் தள்ளப்படுகிற தண்ணி பின்னால் வர வழியில்லை. சிரிஞ்சுக்குள் பிஸ்டன் போகிற மாதிரி, குதிரை மூச்சு வாங்கியிருக்கும்.

அதே டெல்ஃபோர்ட் வேல்ஸில் கட்டி 1805-ல் திறந்த பாண்ட்கசில்ட்டே பாலத்தைப் பாருங்க. 1,007 அடி நீளம், 126 அடி உயரம், 2009-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அதில் தொட்டியே கிட்டத்தட்ட 12 அடி அகலம். குதிரைப் பாதையைத் தண்ணிக்கு மேலேயே தூக்கி வைத்துவிட்டார், தண்ணி பாதைக்கு அடியில் புகுந்து பின்னால் வந்துவிடும். வேல்ஸிலும் இரும்புதான் என்பது 1795-லேயே முடிவானது. இந்தத் திருத்தம் லாங்டன் கத்துக்கொடுத்த பாடமாத்தான் இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

உலகின் முதல் இரும்புத் தொட்டிப்பாலம் இதுவான்னு கேட்டால், ஒரு மாச வித்தியாசத்தில் கோட்டை விட்டது. டார்பியில் பெஞ்சமின் அவுட்ராம் கட்டிய 44 அடிப் பாலம் 1796 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதை 1970களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள்.

யோசனை யாருடையது? 1803-ல் வந்த ஒரு புத்தகத்தில் டெல்ஃபோர்டே எழுதியிருக்கிறார், முதலில் சொன்னது கமிட்டித் தலைவராக இருந்த தாமஸ் ஈட்டன் என்று. வெயிலுக்கும் குளிருக்கும் இரும்பு விரிந்து சுருங்கி எல்லாம் உடைந்துவிடும் என்று சிலர் ஜோசியம் சொன்னதையும் குறிப்பிட்டிருக்கிறார். ஈட்டன் பேரை இன்னிக்கு யாருக்குத் தெரியும்? அந்த வட்டாரத்தில் 1968-ல் ஒரு புது நகரத்துக்கே டெல்ஃபோர்ட்னு பேர் வெச்சாச்சு. அடுத்தவர் விட்டுட்டுப்போன ப்ராஜெக்டை முடிச்சுக்கொடுத்துப் பேர் வாங்கறது நம்ம ஆபீஸ்ல மட்டும் இல்லை போல!

கால்வாயை 1944-ல் கைவிட்டார்கள். ரெண்டு பக்கமும் வயலாகிப்போச்சு. தொட்டி மட்டும் எங்கேயும் தொடங்காம, எங்கேயும் போய்ச் சேராம நிக்குது. நண்பர் நாணயத்தால் தட்டிப் பார்த்தார், டங்குன்னு நல்லா சத்தம் வந்தது. "உறுதியாத்தான் இருக்கு"ன்னார். இரும்பு ஆரம்பிக்கிற இடத்துல, ரெண்டு கரையிலயும் பழைய கல்கட்டு அப்படியே தாங்கிட்டு இருக்கு. அதைக் காட்டி, "இதுவும் டெல்ஃபோர்ட்தானா?"ன்னு கேட்டார்.

இல்லை. வெள்ளம் விட்டுவெச்ச க்ளோஸின் கல்.