சந்தா இல்லாத பெட்டி: ஆதித் திருச்சபையின் கொடைக் கணக்கு

பழைய ரோமப் பேரரசில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. தொழிலாளர் சங்கம், வழிபாட்டுச் சங்கம், ஈமச்சடங்குச் சங்கம் என்று பல வகை இருந்தன. ரோமுக்கு அருகே லனூவியம் என்ற ஊரில் கி.பி. 136-இல் வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு, அப்படிப்பட்ட சங்கம் ஒன்றின் விதிகளை அப்படியே சொல்கிறது. நுழைவுக் கட்டணம் 100 செஸ்டர்ஸ், கூடவே ஒரு ஜாடி நல்ல திராட்சை மது. மாதச் சந்தா 5 செப்புக் காசு. உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ் கிடைக்கும். தொடர்ந்து சந்தா பாக்கி வைத்தால் ஒன்றும் கிடைக்காது. சுருக்கமாகச் சொன்னால், இன்றைய இன்சூரன்ஸ் போலத்தான்!

கிறிஸ்தவர்களும் ஒரு பொதுப் பெட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அதன் விதிகள் வேறு. கி.பி. 197 வாக்கில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் அதை விளக்கி எழுதினார். மாதம் ஒருமுறை, விரும்பினால், முடிந்தால், முடிந்ததைப் போடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, கட்டாயமும் கிடையாது. சேர்ந்த பணம் விருந்துக்குப் போகவில்லை. ஏழைகளின் அடக்கம், அநாதைப் பிள்ளைகள், வயதான அடிமைகள், கப்பல் உடைந்து எல்லாம் இழந்தவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலும் சிறையிலும் கிடந்தவர்கள் ஆகியோருக்கே போனது. அதாவது, போட்டவருக்குத் திரும்பி வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் பெரிய தொகை கொடுத்தவருக்குத் தனி மரியாதை உண்டா? இதற்கு ஒரு நல்ல சோதனை வந்தது. மார்சியன் என்ற செல்வந்தர் ரோமச் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் கொடுத்திருந்தார். அன்று ஒரு படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். ஆக, அது 160 ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். அவருடைய போதனை சபைக்கு ஏற்கவில்லை. கி.பி. 144 வாக்கில் அவரை வெளியேற்றியபோது, அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார் தெர்த்துல்லியன். ஏழைகளுக்கு உதவியிருக்கக் கூடிய பணம்தான். ஆனாலும் அதை வைத்துக்கொள்ளவில்லை.

இப்படி நடந்தால் பெட்டி காலியாகிவிடாதா? ஆகவில்லை. கி.பி. 251 வாக்கில் ரோம ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். அதன்படி ரோமச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்தது. சில ஆண்டுகளில், இன்றைய அல்ஜீரியப் பகுதியில் கொள்ளையர் பிடித்துச் சென்றவர்களை மீட்க, கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியன் 1,00,000 செஸ்டர்ஸ் திரட்டி அனுப்பினார். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் கூடப் போனது. கல்வெட்டில் பொறிக்க அல்ல, அவர்களுக்காக ஜெபிக்க!

இதைக் கவனித்தவர்களில் ஓர் எதிரியும் உண்டு. பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் யூலியன், 362 வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக ஒரு கடிதம் கிடைக்கிறது. கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பார்த்துக்கொள்கிறார்களே, நமக்கு வெட்கமில்லையா என்பதே அதன் சாரம். தானும் கோதுமையும் மதுவும் ஒதுக்கினார். அரசுக் களஞ்சியம் அவர் கையில் இருந்தது. ஆனால் மாதம் ஒரு காசு மனமுவந்து போடும் பழக்கத்தை ஆணையிட்டு உண்டாக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே போரில் இறந்தும் போனார்.

கொடுப்பதில் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தப் பழைய கணக்கு யோசிக்க வேண்டிய ஒன்று.