மொண்ட்ரியாலில் தாய்மொழியும் வேலைவாய்ப்பும்

மொண்ட்ரியால், கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மிகப்பெரிய நகரம் ஆகும். பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளும் இந்நகரில் அன்றாடம் புழங்குகின்றன. இங்கு ஒருவரின் தாய்மொழிக்கும் அவருக்குக் கிடைக்கும் வேலைக்கும் இடையிலான தொடர்பு நெடுங்காலமாக அரசியல் சிக்கலாக இருந்து வருகிறது. 1960கள் வரை பெரும்பான்மையினரின் மொழியாகிய பிரெஞ்சு தொழிலாளரின் மொழியாகவும், சிறுபான்மையினரின் மொழியாகிய ஆங்கிலம் முதலாளிகளின் மொழியாகவும் விளங்கின. 1977 இல் இயற்றப்பட்ட பிரெஞ்சு மொழிச் சாசனம் இந்நிலையைப் பெருமளவு மாற்றியமைத்தது.

பின்னணி

1760 இல் பிரித்தானியப் படையிடம் வீழ்ந்த பின்னர் மொண்ட்ரியாலின் வணிகம் படிப்படியாக ஆங்கிலேய, ஸ்காட்லாந்து வணிகர்களின் கைக்கு மாறியது. 1817 இல் தொடங்கப்பட்ட மொண்ட்ரியால் வங்கியும், பின்னர் வந்த தொடருந்து நிறுவனங்களும், காப்புறுதி நிறுவனங்களும் ஆங்கிலத்திலேயே இயங்கின. 1830களிலிருந்து 1860களின் நடுப்பகுதி வரை நகரின் மக்கள் தொகையிலும் ஆங்கிலம் பேசுவோரே மிகுந்திருந்தனர். அதன் பிறகு நாட்டுப்புறங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த பிரெஞ்சு மக்களால் அவர்கள் மீண்டும் பெரும்பான்மை ஆயினர். ஆயினும் எண்ணிக்கை மாறியதே தவிர உடைமை மாறவில்லை. ஆலையில் வேலை செய்பவர் பிரெஞ்சுக்காரராகவும், அவரை மேற்பார்வை செய்பவர் இருமொழி அறிந்தவராகவும், மேலாளர் ஆங்கிலம் மட்டும் அறிந்தவராகவும் இருப்பது வழமையாயிற்று. இருமொழி கற்கும் சுமை எப்போதும் கீழே இருப்பவர் மீதே விழுந்தது.

1960களின் ஆய்வுகள்

1960 இல் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருமொழியும் நன்கு பேசுவோர் சிலர் ஒரே பகுதியை ஒருமுறை ஆங்கிலத்திலும் மறுமுறை பிரெஞ்சிலும் படித்தனர். பேசுபவர் ஒருவரே என்பதை அறியாத மாணவர்கள், குரலை மட்டும் கேட்டு அவர்களின் இயல்புகளை மதிப்பிட்டனர். ஆங்கிலக் குரலுக்கே அறிவு, நம்பகத்தன்மை முதலிய பல இயல்புகளில் கூடுதல் மதிப்புக் கிடைத்தது. பிரெஞ்சு மாணவர்களும் தம் மொழிக் குரலைத் தாழ்வாக மதிப்பிட்டமையே இவ்வாய்வின் வியப்பான முடிவு. வேலைக்கு ஆள் தெரிவு செய்பவரின் காதிலும் இதே மதிப்பீடு ஒலித்திருக்கும் எனக் கருதுவதில் தவறில்லை.

1962 இல் மொண்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட கனடிய தேசியத் தொடருந்து நிறுவனத்தின் தலைவர் டொனால்ட் கோர்டனிடம், அதன் 17 துணைத் தலைவர்களுள் ஒருவர்கூடப் பிரெஞ்சுக் கனடியர் இல்லாதது ஏன் என நாடாளுமன்றக் குழுவில் வினவப்பட்டது. பதவி உயர்வு தகுதியின் அடிப்படையிலேயே வழங்கப்படுகிறது என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். மாணவர்கள் தெருவில் இறங்கி அவரது உருவப் பொம்மையை எரித்தனர்.

1963 இல் அமைக்கப்பட்ட இருமொழி, இருபண்பாடு குறித்த அரச ஆணையம், 1961 குடிமதிப்பின் தரவுகளைக் கொண்டு கியூபெக்கில் பிரெஞ்சு வழிவந்த ஆண்களின் சராசரி வருமானம் பிரித்தானிய வழிவந்தோரின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே எனக் காட்டியது. ஒப்பிடப்பட்ட 14 இனக்குழுக்களுள் அவர்கள் 12 ஆம் இடத்தில் இருந்தனர். கல்விக் குறைவு இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று.

பிரெஞ்சு மொழிச் சாசனம்

1976 நவம்பரில் ரெனே லெவெக் தலைமையிலான பார்ட்டி கியூபெக்குவா ஆட்சிக்கு வந்தது. அமைச்சர் கமில் லோரன் முன்வைத்த சாசனம் 1977 ஆகத்து 26 அன்று நிறைவேறியது. இது பொதுவாகச் "சட்டம் 101" எனப்படுகிறது. கடைப் பெயர்ப்பலகைகள் குறித்த அதன் விதிகளே வெளியுலகில் பெரிதும் பேசப்பட்டன. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை முதன்மையானது 46 ஆம் பிரிவாகும். வேலையின் தன்மை கோரினாலன்றி, பிரெஞ்சு அல்லாத வேறொரு மொழியறிவை நிபந்தனையாக விதிக்க முதலாளிக்கு உரிமையில்லை. அத்தேவையை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பிரெஞ்சைப் பணிமொழியாக்கியமைக்குச் சான்றிதழ் பெறவேண்டியிருந்தது. தாதியர், பொறியியலாளர் போன்றோர் தொழில் உரிமம் பெறவும் பிரெஞ்சு அறிவு இன்றியமையாததாயிற்று.

1978 சனவரியில் சன் லைஃப் காப்புறுதி நிறுவனம் மொழிச் சட்டத்தைக் காரணம் காட்டித் தன் தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆங்கிலம் பேசுவோர் பலரும் வெளியேறினர். எனினும் மூலதனம் டொராண்டோவை நோக்கி நகர்வது இச்சட்டத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நகரில் தங்கிய ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பித்தனர். 1980களில் இருமொழி அறிந்த பிரெஞ்சு மக்களுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையிலான ஊதிய வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது.

புலம்பெயர்ந்தோர்

சாசனத்தின்படி, புதிதாக வருவோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே பயிலவேண்டும். 1983 இனக்கலவரத்தின் பின் கனடா வந்த ஈழத்தமிழருள் பலர் முதலில் மொண்ட்ரியாலிலேயே குடியேறினர். ஓரளவு ஆங்கிலம் அறிந்து, பிரெஞ்சு அறியாத பெற்றோருக்கு ஆங்கில நகரமான டொராண்டோவில் வேலை தேடுதல் எளிதாக இருந்தது. பலர் அங்கு இடம் மாறினர். தங்கியோரின் பிள்ளைகள் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் பேசி வளர்ந்தனர்.

அண்மைய நிலை

2021 குடிமதிப்பின்படி மொண்ட்ரியால் பெருநகரப் பகுதியில் பாதிக்கும் மேற்பட்டோர் இருமொழியும் பேச வல்லவர்கள். ஐக்கிய அமெரிக்காவுடன் வணிகம் செய்யும் நிறுவனங்கள் ஆங்கிலம் அறிந்தோரை நாடுவதால் 46 ஆம் பிரிவு தொடர்பான முறைப்பாடுகள் ஓயவில்லை. 2021 நவம்பரில் ஏர் கனடாவின் தலைமை நிறைவேற்று அதிகாரி மைக்கேல் ரூசோ, பிரெஞ்சு கற்காமலே மொண்ட்ரியாலில் வாழ முடிந்தது எனக் கூறியது பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. மறுநாளே அவர் மன்னிப்புக் கோரினார்.

2022 இல் நிறைவேறிய "சட்டம் 96" சாசனத்தை மேலும் இறுக்கியது. பிற மொழி கோரும் முதலாளி, ஏற்கனவே பணியிலிருப்போரின் மொழியறிவு போதாது என்பதையும், அத்தகைய பணியிடங்களை இயன்றவரை குறைத்துள்ளதையும் காட்டவேண்டும். 2025 சூன் 1 முதல் 25 முதல் 49 பேர் வரை பணிபுரியும் நிறுவனங்களும் பிரெஞ்சு மொழி அலுவலகத்தில் பதிவு செய்யும் கடப்பாட்டுக்கு உள்ளாயின.