விசுக்கோத்தும் வியர்வையும்

சித்திரைப் புத்தாண்டு நாளில், சிங்கள மக்களின் இல்லங்களிலிருந்து அயல்வீடுகளுக்குச் செல்லும் பலகாரத் தட்டிலே கொக்கிஸ் தவறாது இடம்பெறும். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலிற் கரைத்து, அதில் அச்சைத் தோய்த்து, எண்ணெயிலே பொரித்தெடுக்கும் பண்டம் அது. அதன் பெயர் 'சிறு கேக்கு' எனப் பொருள்படும் 'கூக்யே' என்னும் ஒல்லாந்தச் சொல்லின் திரிபு என்பர். நத்தார்க் காலத்தில் அமெரிக்கர் வீட்டிலே சுட்டு அயலாருக்கும் நண்பருக்கும் வழங்கும் இனிப்பு விசுக்கோத்தின் பெயரான 'குக்கி'யும் அதே சொல்லிற் பிறந்ததேயாம்.

கடல்களுக்கு அப்பாற்பட்ட இரு நாடுகளின் பண்டிகைத் தட்டுகளில் ஒரே சொல் வந்தமர்ந்தது எவ்வாறு? ஒல்லாந்த வணிகக் கம்பனிகளின் கப்பல்களே விடை. 17ஆம் நூற்றாண்டில் அவற்றுள் ஒன்று கறுவாவை நாடி இலங்கைக் கரையோரத்தைப் பிடித்தது. மற்றொன்று விலங்குகளின் மென்மயிர்த் தோலை நாடி வட அமெரிக்காவிலே குடியேற்றம் அமைத்தது. பின்னதை 1664இலும் முன்னதை 1796இலும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கொடிகள் இறங்கின, அடுக்களைச் சொற்கள் நிலைத்துவிட்டன.

அதே 1796இல் அமெரிக்காவின் ஹார்ட்பர்ட் நகரிலே, அமீலியா சிம்மன்ஸ் என்னும் பெண் எழுதிய சமையல் நூலொன்று வெளிவந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சேறிய முதற் சமையல் நூலாக அதனைக் கொள்வர். முகப்பிலே தம்மை ஓர் அநாதை என்றே அவர் அறிமுகஞ் செய்துகொள்கிறார். நத்தார்க் குக்கிக்கு அவர் தரும் அளவு இது: மா 3 இறாத்தல், சீனி 1½ இறாத்தல், வெண்ணெய் 1 இறாத்தல், கொத்தமல்லித் தூள் ஒரு தேநீர்க் கோப்பை. மாவை இளகச் செய்ய, மரச்சாம்பலிலிருந்து எடுத்த உப்பைப் பாலிற் கரைத்துச் சேர்த்தல் வேண்டும். விரும்பிய உருவங்களாக வெட்டி, மெல்லிய சூட்டிலே 15 அல்லது 20 நிமிடம் போறணையில் வைத்தெடுத்தல் வேண்டும். முதலிற் கடினமாயிருப்பினும், மட்பானையில் இட்டு வைத்தால் ஆறு மாதத்தின் பின் மென்மையுஞ் சுவையும் மிகும் என்கிறார் அவர்.

அநாதைப் பெண்ணொருத்தி சாதாரண இல்லங்களுக்கென எழுதிய நூலில் இத்துணைச் சீனி இடம்பெற்றது எங்ஙனம்? முன்னர் மன்னரும் பிரபுக்களுமே சுவைத்த பண்டம் சீனி. அதனை எளியோர் அடுக்களைக்கு இறக்கித் தந்தது வணிகரின் பெருந்தன்மையன்று. மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களிலே சவுக்கின் கீழ் மாண்ட ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பேயாகும். அயலாருக்கென அன்போடு சுட்ட பண்டத்திலே, எந்தத் தட்டிலும் பங்கு பெறாதவரின் வியர்வை கலந்திருந்தது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் அக்காலத்திலேயே இருந்தனர். அடிமை வாணிபத்தைத் தடைசெய்யும் மசோதாவை ஆங்கிலப் பாராளுமன்றம் 1791இல் நிராகரித்தபோது, மேற்கிந்தியச் சீனியைத் தொடுவதில்லையென மக்கள் உறுதிபூண்டனர். அவ்வாறு விலக்கியோர் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் என அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான தோமஸ் கிளாக்சன் மதிப்பிட்டார். 1820களில் லெஸ்டர் நகரின் எலிசபெத் ஹெரிக் வீடு வீடாகச் சென்று இப்போராட்டத்தைப் புதுப்பித்தார். வாக்குரிமையற்ற பெண்கள் தம் அடுக்களையையே அரசியற் களமாக்கினர். அடிமைகளோ எவருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. 1791 ஓகஸ்டிற் செயின்ட் டொமிங்குவிலே கிளர்ந்தெழுந்த அவர்கள், 1804இல் ஹெயிற்றி என்னும் சுதந்திர நாட்டை நிறுவினர்.

ஆங்கில ஆட்சி 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றிற்று. 2 கோடிப் பவுண் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. அது முழுவதும் எசமானருக்கே. உழைத்தவனுக்குச் சல்லிக்காசும் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1834 முதல் மொரீசியசுக்கும், 1838இல் பிரித்தானிய கயானாவுக்கும் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். 1860 நவம்பரிலே சென்னையிலிருந்து நேற்றாலுக்குச் சென்ற முதற் கப்பலில் தமிழரும் இருந்தனர். அடிமையின் கையிலிருந்த கத்தி நம்மவர் கைக்கு மாறிற்று. சீனியின் இனிப்பு மாறவில்லை.

ஒல்லாந்தர் காலத்தைக் கறுவாவோடும் கோட்டைகளோடும் கற்பித்து முடித்துவிடும் ஆசிரியர்கள் நாம். ஒரு கொக்கிசை மாணவர்முன் வைத்து, இதன் பெயர் எங்கிருந்து வந்தது, சீனி எவர் கையால் விளைந்தது எனக் கேட்போமாயின், வரலாறு அவர்தம் வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்கிவிடும். பண்டிகைப் பண்டத்தைப் பகிர்தல் நல்வழக்கே. அதனைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. ஆயின், நாம் தட்டேந்திச் செல்லும் அயல்வீட்டோடு அப்பகிர்வு நின்றுவிடலாகாது. அந்தத் தட்டை நிரப்ப உழைத்தவனுக்கும் உரிய பங்கு கிடைக்கச் செய்வதே பகிர்வின் முழுமையாகும்.