ஸ்பூரியஸ் - போலி

குன்றாண்டார்கோவில் குடைவரையில் பல்லவ நந்திவர்மன், தந்திவர்மன் பெயர் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. முன்னால் நிற்கும் மண்டபம் பல நூற்றாண்டுகள் பிந்தியது, விஜயநகர பாணி. தேராகச் செய்திருக்கிறார்கள். சக்கரமும் கல், குதிரையும் கல். உடன் வந்த நண்பர் 'போலித் தேர்' என்றார். சரியான சொல்தான், அவர் நினைத்த பொருளில் அல்ல.

போலி, 'போல்' என்பதிலிருந்து வருவது. இலக்கணக்காரனுக்கு இன்றும் அது ஒப்புதான். பந்தல் 'பந்தர்' ஆனால் போலி. இல்முன் 'முன்றில்' ஆனால் இலக்கணப்போலி. குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை.

சாசன ஆராய்ச்சியில் 'ஸ்பூரியஸ்' என்ற ஆங்கில அடைமொழிக்கு இந்தப் 'போலி'யையே கொடுத்துவிட்டோம். அது வேறு இனத்துச் சொல். லத்தீனில் ஸ்பூரியஸ் என்றால் முறைதவறிப் பிறந்த பிள்ளை. சாயலைப் பற்றி அதற்கு அக்கறையில்லை, தகப்பன் யார் என்பதே கேள்வி. (மருந்துச் சட்டத்திலும் இந்த வாசனை போகவில்லை. உள்ளே என்ன இருந்தாலும் சரி, சீட்டில் உள்ள தயாரிப்பாளர் இல்லாத ஆளானால் மருந்து ஸ்பூரியஸ்.)

1901இல் ஜே. எஃப். ஃபிளீட் 'இண்டியன் ஆன்டிக்வரி'யில் ஸ்பூரியஸ் சாசனங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். மேலைக் கங்கர் செப்பேடுகள் பல அதில் அகப்பட்டன. எழுத்து, சொன்ன காலத்துக்கு ஒவ்வவில்லை. திதியும் கிழமையும் சேரவில்லை. மைசூரில் லூயி ரைஸ் அவற்றுக்காக வாதாடினார். ஏடு பொய்யென்றால் ஏட்டிலுள்ள அரசனும் பொய்யா? ஃபிளீட் அதையும் சொன்னார். ஆரம்பக் கங்கர் வம்சாவளியே அவருக்குக் கட்டுக்கதை. பிறகு பெனுகொண்டாச் செப்பேடு கிடைத்தபோது அதை மெய்யென்று அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதுவரை அவர் கணக்கில் அந்த அரசர்கள் பிறக்கவேயில்லை.

ஃபிளீட்டின் சந்தேகம் அவசியமானது. செப்பேடு செய்து நிலம் பிடித்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. எனக்குள்ள வழக்கு அந்தச் சொல்லோடுதான். மூலம் அழிந்தபின் நேர்மையாக எடுத்த படிக்கு அதில் இடமே கிடையாது.

திருக்கோடிகாவலில் செம்பியன் மாதேவி கோயிலைக் கற்றளியாக்கியபோது பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். ஆட்சியாண்டு பல்லவ அரசனுடையது, எழுத்து சோழர் காலத்தது. எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதானால் இவையும் ஃபிளீட்டின் பட்டியலுக்கு உரியவை. ஆனால் வெட்டியவர்கள் 'பழங்கற்படி' என்று கல்லிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.