கரண்ட் பிடிக்கும்போது மருந்தும் ஏன் ஏற்றுகிறார்கள்?

எங்கள் தோட்டத்திலிருந்து வாய்ப்புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய் வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "கரண்ட் பிடிக்கணும்னுதானே சொன்னாங்க, அப்புறம் ஏன் கிழமைக்கு ஒரு தடவை சேலைனோட மருந்தும் ஏத்துறாங்க?" நோய் முற்றிவிட்டதால்தான் இரண்டு வைத்தியம் என்று பயந்து, மருந்து நாளில் போகாமல் விட்டவர்களும் உண்டு.

கேள்வி நம் பகுதிக்குப் பொருத்தமானதுதான். 2006–2007இல் சப்ரகமுவவின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரின் வாயைச் சோதித்தார்கள். பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு போன்ற மாற்றங்கள் 11.3 வீதமானோருக்கு இருப்பதாக அந்த ஆய்வு கணித்தது. வெற்றிலை போடுவதே முக்கிய காரணம். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மெல்பவர்களும் தப்பவில்லை. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும்.

ஏற்றப்படும் மருந்து பெரும்பாலும் சிஸ்பிளாட்டின். கதிருக்குப் புற்றுநோய்க் கலங்களை மசிய வைப்பதுதான் இங்கே அதன் முக்கிய வேலை. கதிர் பட்டதும் கலத்தின் மரபணு இழை அறுந்துவிடும். ஆனால் கலம் சும்மா இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுந்ததை ஒட்டவைக்கப் பார்க்கும். சிஸ்பிளாட்டினில் உள்ள பிளாட்டினம் அதே இழையில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தத் திருத்த வேலையைக் குழப்பிவிடுகிறது. ஆகவே கதிர் நடக்கும் காலத்திலேயே மருந்து உடம்பில் இருக்க வேண்டும்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான 93 பரிசோதனைகளில் சேர்ந்த 17,346 நோயாளிகளின் விபரங்களை ஒன்றாக்கி 2009இல் ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. மருந்தைக் கதிரோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 100 பேருக்கு 6 அல்லது 7 பேர் அதிகம். கதிருக்கு முன்பே கொடுத்தபோது அந்த மிகுதி 2 பேர் அளவுதான். மருந்து நாளைத் தவறவிட்டு, "கடைசியில எல்லாத்தையும் சேர்த்து ஏத்திக்கலாம்" என்பது சரிவராததற்குக் காரணம் இதுதான். வயது கூடக்கூட இந்தப் பலன் குறைகிறது. 70 வயதுக்கு மேல் தெளிவாகத் தெரியவில்லை.

எல்லோருக்கும் இந்த மருந்து தேவைப்படாது. வாய்ப்புற்றுக்குப் பொதுவாக முதலில் சத்திரசிகிச்சை. வெட்டிய விளிம்பில் புற்று மிஞ்சியிருந்தாலோ, கழுத்து நெறியின் உறையை உடைத்து வெளியே வந்திருந்தாலோதான் கதிரோடு மருந்தையும் சேர்ப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏற்றிவிட்டு நமக்கு ஏற்றவில்லை என்றால், தோட்டத்து ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள் என நினைத்துவிட வேண்டாம். ஒதுக்கப்பட்ட அனுபவம் நமக்கு நிறைய உண்டு, அந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. ஆனாலும் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கலவரங்களுக்குப் பின் இங்கிருந்து வன்னிக்குப் போன உறவுகளுக்கும், போரில் அடிபட்ட எல்லோருக்கும் ஒரு விடயம். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் தாக்கும். செல் வெடித்த சத்தத்தில் காது மந்தமானவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் அதை முதல் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய காயம்தானே என்று மறைக்க வேண்டாம். இப்படிச் சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாத 356 பேரிடம் மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை, டொசிடாக்செல் என்ற இன்னொரு மருந்தைச் சிறிய அளவில் வாரந்தோறும் கதிரோடு கொடுத்துப் பார்த்தது. 2023இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 41.7 வீதம், மருந்தும் பெற்றவர்களில் 50.8 வீதம். ஆனால் வாய்ப்புண் மோசமாக வந்தது.

மருந்து ஏறும் நாட்களில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரையையோ நாட்டு மருந்தையோ கேட்காமல் எடுக்கக் கூடாது. சிறுநீரகம் இரண்டு அடியைத் தாங்காது. சுருட்டும் பீடியும் வேண்டாம்: கதிர் வேலை செய்ய இரத்தத்தில் ஒட்சிசன் வேண்டும், புகை அதைக் குறைக்கும்.

கிழமைக்கு ஐந்து நாள், ஆறேழு கிழமை. பேர் விழாத நாட்கள் அத்தனையும் வீட்டுக்கு அடிதான், தெரியும். ஆனால் இடையில் நிறுத்தினால், மிஞ்சிய புற்றுக்கலங்கள் முன்னைவிட வேகமாகப் பெருகும். சம்பளத்துக்காகத் திரும்பி வருவதென்றால், வருவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே கிட்டடி அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், புற்றுநோய் மருந்து ஏறுகிறது என்று சொல்லி அட்டையைக் காட்டுங்கள்.